தார்ப்பாயில் ஒரு கிழிசல்

இப்போது உள்ள சனங்களுக்குக் கண் முகத்தில் இல்லை, கையில் வைத்திருக்கிற போனில்தான் இருக்கிறது. ஐந்தருவி போகிற ரோட்டோரம் எனக்குக் கொஞ்சம் இடம் உண்டு. சாரல் சீசனில் அதில் கார் நிறுத்த விடுவேன். போன ஆனி மாசம் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. அருவிச் சத்தம் காதை அடைக்கிறது, மலையில் மேகம் பாதிக்கு இறங்கி நிற்கிறது. ஒருத்தராவது தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டுமே. கிடையாது. அந்த ஆள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி, "பெரியவரே, இந்த அருவிக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்கிறான்.

பார்த்தேன். நீல நிறத்தில் ஒரு அருவி விழுகிறது. மேலே கண்ணாடிப் பாலம். பாலத்தில் ஒரு மயில். கீழே குற்றாலம் என்று எழுதியிருக்கிறது.

"இப்படி ஒரு அருவி இங்கன கிடையாது," என்றேன்.

"போட்டோ இருக்கே!"

"போட்டோ இருக்கு. அருவி இல்ல."

"நீங்க மேல போய்ப் பாத்திருக்க மாட்டீங்க."

இந்த மலையடிவாரத்தில் பிறந்து இங்கேயே தலை நரைத்தவனிடம் சொல்கிறான். என் இடத்தின் மூலையில் டீக்கடை போட்டிருக்கிற ஜைனப் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கடைக்கு மேலே கட்டிய தார்ப்பாயில் மழைத் தண்ணீர் தேங்கி, சினை மாட்டு வயிறு மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும். அதைக் கீழே இருந்து ஒரு கம்பால் முட்டித் தள்ளிவிட வேண்டும். தள்ளினாள். தண்ணீர் முழுசும் அந்த ஆள் முதுகில் விழுந்தது.

"பாக்கல அண்ணே," என்றாள். பார்த்துத்தான் தள்ளினாள் என்று நினைக்கிறேன். அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "அது மெஷின் வரைஞ்ச படம் அண்ணாச்சி. என்ன வேணும்னு எழுதிக் குடுத்தாப் போதும், அதுவே வரைஞ்சு தள்ளிருதாம். என் மருமவன்கூட அப்படி ஒண்ணு காட்டுனான். அதுல எனக்கு ஆறு வெரலு."

அன்றையிலிருந்து படம் என்றாலே எனக்கு நம்பிக்கை இல்லை. இதில் கஷ்டம் என்னவென்றால், படம் வரைகிற ஒரு ஆள் என் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

என் மகள் இசக்கிச்செல்வி. மெட்ராஸில் போய் அதற்கென்று படித்துவிட்டு வந்தாள். குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் படம் வரைகிறாள். ஆள் வரைவது இல்லை, இடம் வரைவது. விளையாட்டுக்குள் ஒரு மலை வருகிறது, பாழடைந்த கோட்டை வருகிறது, கடலுக்கடியில் ஊர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுகிறவர்கள் கட்டுவதற்கு முன்னால், இது இப்படி இருக்கும் என்று ஒருத்தர் வேகமாக வரைந்து காட்ட வேண்டுமாம். நுணுக்கமெல்லாம் அப்புறம். ஒரு மணி நேரத்துக்குள் அந்த இடம் கண் முன்னால் நிற்க வேண்டும். அதுதான் வேலை. இதையெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உள்ளே போனால் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே வந்தால் படம் இருக்கும். நடுவில் நடப்பது எனக்கு என்ன தெரியும்?

அப்படி இருக்கும்போது ஒரு பெரிய கம்பெனியில் அவளுக்கு வேலை வருகிற மாதிரி இருந்தது. வெளிநாட்டிலும் ஆபீஸ் இருக்கிற கம்பெனி. ஊரை விட்டுப் போக வேண்டாம், வீட்டிலிருந்தே செய்யலாம். எல்லாம் முடிந்து கடைசிக் கட்டத்தில் அங்கே ஒருத்தர், இந்தப் பெண் அனுப்பிய படங்களைப் பார்த்தால் மெஷின் வரைந்தது மாதிரி இருக்கிறது என்று கிளப்பிவிட்டார். விசாரித்தார்கள். அன்றைக்கு நான் டார்ச் லைட்டைத் தேடிக்கொண்டு பின்னறைக் கதவைத் தள்ளித் திறந்தேன். கம்ப்யூட்டர் திரையில் இரண்டு முகம். ஒன்று ஸ்ரீமதி என்ற பெண், சென்னைப் பேச்சு. இன்னொன்று இங்கிலீஷ் மட்டும் பேசுகிற ஒரு சுருட்டைமுடிக்காரன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டாள். "பின்னால நிக்கறது அப்பாவா? வணக்கம் சார். தப்பா எடுத்துக்காதீங்க, ஒண்ணு கேக்கறேன். உங்க பொண்ணு இந்தப் படமெல்லாம் வரையறத நீங்க பாத்திருக்கீங்களா?"

செல்வி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல," என்றேன்.

"வீட்லதானே சார் இருக்கீங்க?"

"வீட்லதான் இருக்கேன். அவ கதவச் சாத்திக்கிடுதா. உள்ள இருந்து அவ வரையுதாளா, அந்தப் பொட்டி வரையுதான்னு நான் பாக்கல. பாக்காததுக்கு நான் சாட்சி சொல்ல மாட்டேன்."

அந்தப் பெண் அதை இங்கிலீஷில் மாற்றிச் சொன்னாள். சுருட்டைமுடி புருவத்தைத் தூக்கினான். நான் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்ததைச் சொல்லி முடியாது. என் வீட்டுக்காரி குருவம்மாள் கையில் கரண்டியோடு வந்தாள்.

"பெத்த மக பொழைப்பில மண்ண அள்ளிப் போட்டுட்டு நிக்கியளே, உங்களுக்கு நெஞ்சுக்குள்ள என்னதான் இருக்கு? ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்தா உதிந்துரும்?"

"நீ பாத்தியா?"

"நான் பாக்கல."

"பொறவு?"

"எம் மக பொய் சொல்ல மாட்டாளே!"

"அது உன் சாட்சி. நீ சொல்லு."

நான் அப்படித்தான். என் மச்சினன் நெல்லையப்பன் ஒருதடவை பத்திர ஆபீசுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டான். எழுதிக் கொடுக்கிறவர் என் கண் முன்னால் கையெழுத்துப் போடவில்லை, முன்னாலேயே போட்டுவிட்டார் என்றார்கள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் மச்சினன் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஆனால் செல்வி சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது. சாப்பிடவும் இல்லை. சாயங்காலம் நான் வாசலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமை அவங்க கண்ணு முன்னால இங்கிருந்தே வரையச் சொல்லியிருக்காங்க. என்ன வரையணும்னு அப்பத்தான் சொல்லுவாங்க. என் கைக்கு ஒரு கேமரா, முகத்துக்கு ஒரு கேமரா. இதுலயும் அவங்களுக்குத் திருப்தி இல்லன்னா, திருட்டுப் படக்காரின்னு பேரு ஆயிரும். பொறவு இந்தத் தொழில்ல எவனும் கூப்பிட மாட்டான்."

"சரி."

"நீங்க பக்கத்துல வந்து உக்காரணும்."

"நான் எதுக்கு?"

"அவங்க நம்பலன்னா வேற வேலை பாத்துக்கிடுவேன்ப்பா. நீங்க நம்பலன்னா நான் எங்க போக?"

மாடு வாளியில் முகத்தை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அது குடித்து முடிக்கிறவரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாரேன்," என்றேன். "ஆனா பாத்ததத்தான் சொல்லுவேன்."

"அதத்தான் நானும் கேக்கேன்."

வெள்ளிக்கிழமை காலையில் குருவம்மாள் எழுந்து குளித்து, கம்ப்யூட்டருக்கு விபூதி பூசினாள். செல்வி அதைத் துடைத்தாள். இவள் மறுபடியும் பூசினாள். பின்னறையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். "வாயத் தொறக்கக் கூடாது," என்று செல்வி சொன்னாள். நான் உட்காரும் முன் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். ஒயர் நிறையப் போனது. எல்லா ஒயரும் எங்கே போகிறது என்று கேட்டேன். "சுவிட்ச் போர்டுக்குப்பா," என்றாள்.

திரையில் அந்த இரண்டு முகமும் வந்தது. சுருட்டைமுடி ஏதோ சொன்னான். ஸ்ரீமதி எனக்காக அதைத் தமிழிலும் சொன்னாள்: மலை அடிவாரத்தில் ஒரு சந்தை. ஆள் இல்லை. விடியும் நேரம், மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. ஒரு மணி நேரம்.

செல்வி முன்னால் சிலேட்டு மாதிரி ஒரு கறுப்புப் பலகை, கையில் பேனா. பேனாவில் மை கிடையாது, நான் முன்னாலேயே என் கையில் கிறுக்கிப் பார்த்துவிட்டேன். அவள் பலகையில் ஒரு இழுப்பு இழுத்தாள். பலகையில் ஒன்றும் விழவில்லை. மேலே திரையில் சாம்பலைக் கரைத்து வழித்துவிட்ட மாதிரி ஒரு பட்டை விழுந்தது. இங்கே இழுக்கிறாள், அங்கே விழுகிறது. அதற்கு மேல் இன்னும் கறுப்பாக ஒன்று. அதற்குப் பக்கத்தில் வெளுப்பாக ஒன்று. கோடு போடுவாள், வீடு மரம் என்று வரைவாள் என்று நான் நினைத்திருந்தேன். இது அடுப்பங்கரைச் சுவர் மாதிரி இருந்தது.

"என்னட்டி, ஒட்டடையா?" என்றேன், மெதுவாகத்தான்.

"அப்பா!"

கையை அவள் நிறுத்தவே இல்லை. பேனா பலகையில் உரசுகிற சத்தம், வாழைச்சருகில் எலி ஓடுகிற மாதிரி. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு திரையைப் பார்ப்பாள், மறுபடி இழுப்பாள். நான் அவள் கையைத்தான் பார்த்தேன், திரையைப் பார்க்கவில்லை. மணிக்கட்டில் பழைய தழும்பு ஒன்று உண்டு, சின்ன வயதில் கொதிக்கிற வடிகஞ்சி பட்டது. அது பேனாவோடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருந்தது. விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது. இவ்வளவு அழுத்திப் பிடிப்பாள் என்று எனக்குத் தெரியாது.

அப்புறம் தலையைத் தூக்கினால், ஒட்டடை போய்விட்டது. இடப்பக்கம் ஒரு மலை நிற்கிறது. உச்சியில் மேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடியில் வரிசையாகச் சாத்திய கடைகள், நடுவில் ஈரமான பாதை. எப்போது வந்தது? நான் கையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்? அவள் எதையோ ஒரு தட்டுத் தட்டினாள்.

மலை வலப்பக்கம் போய்விட்டது.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "ஏட்டி! மலை எப்படி அந்தப் பக்கம் போச்சு? நீ கைய வைக்கவே இல்லையே! நான் பாத்துட்டுத்தான இருக்கேன்! இதான் மெஷின் வேலை. புடிச்சிட்டேன் பாத்துக்கோ!"

செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்றிருந்த குருவம்மாள், "முருகா," என்றாள். திரையில் ஸ்ரீமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"அது கண்ணாடியில பாக்கிற மாதிரிப்பா," என்றாள் செல்வி. "ஒரே பக்கமாப் பாத்துக்கிட்டே இருந்தா கண்ணு பழகிரும், தப்பு தெரியாது. படத்த இடம் வலமாத் திருப்பிப் பாத்தாத்தான் எங்க சாயுதுன்னு தெரியும். எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க." மறுபடி தட்டினாள். மலை பழைய இடத்துக்கு வந்தது.

"மலைய எவன் திருப்பிப் பாப்பான்?" என்றேன். "சரி, இப்பம் நான் ஒண்ணு சொல்லுதேன், அத வரை. மெஷினுக்கு எப்படித் தெரியுதுன்னு பாப்போம்."

"அப்பா, எனக்கு நேரம் ஓடுது. தயவு பண்ணி உக்காருங்க."

"சார், டெஸ்ட் நடுவுல..." என்று ஸ்ரீமதி ஆரம்பித்தாள். சுருட்டைமுடி ஏதோ கேட்டான். அவள் சொன்னாள். அவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கையை ஆட்டி ஒன்று சொன்னான். "அப்பா பேசட்டுமாம்," என்றாள் ஸ்ரீமதி. "செல்வி, அவர் கேக்கறத வரைஞ்சுகிட்டே போறியா? நேரம் அதேதான், கூட்டித் தர முடியாது."

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்து உட்காருகிறவன் நான் இல்லை.

"அந்தா முதல் கடை. அதுக்கு மேல தார்ப்பாய் போடு."

போட்டாள். நாலு இழுப்பு.

"விறைப்பா நிக்கக் கூடாது. மழை பெஞ்சிருக்குல்லா? தண்ணி தேங்கித் தொங்கணும்."

தொங்கியது. அடிவயிற்றில் ஒரு வெளிச்சம் வைத்தாள் பாருங்கள், தண்ணீர் கனம் தெரிந்தது.

"ஓரத்துல ஒரு கிழிசல்."

கிழித்தாள்.

"கிழிசலச் சேத்துக் கட்டியிருக்கணும். கயிறு இல்ல, சீலைத்துணி. என்ன நெறம்னு சொல்ல மாட்டேன்."

பேனா ஒரு நொடி நின்றது. அப்புறம் ஊதா நிறத்தில் ஒரு முடிச்சு விழுந்தது, முனை இரண்டும் தொங்குகிறது. ஜைனப் கடைத் தார்ப்பாயில் கட்டியிருப்பது ஊதாச் சீலைதான். செல்வி எப்போதாவது எனக்குச் சோறு கொண்டு வருவாள். வந்தால் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணிய எத வச்சுத் தள்ளுவா?" என்றேன்.

"கம்பு வச்சு," என்றாள் செல்வி. நான் வரையச் சொல்வதற்கு முன்னாலேயே கம்பைக் கடையின் பந்தல்காலில் சாத்தி வைத்துவிட்டாள். கம்பின் நுனியில் பழைய துணிப் பந்து சுற்றியிருந்தது, தார்ப்பாய் மேலும் கிழியாமல் இருக்க. அதை நான் சொல்லவில்லை. எனக்கே அது ஞாபகம் இல்லை. அவளுக்கு வாயோரம் ஒரு சிரிப்பு வந்திருந்தது. கண்ணில் தண்ணீரும் இருந்தது. துடைக்க நேரம் இல்லாமல் தோள்பட்டையில் தேய்த்துக்கொண்டாள்.

நான் வாயை மூடிக்கொண்டேன். கேட்டால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். பிள்ளைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் அவள் பாதையின் தூரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு புள்ளி வைத்தாள். புள்ளிக்கு அடியில் வெள்ளையாக இரண்டு கீறல். பார்த்தால் ஒரு ஆள், நமக்கு முதுகைக் காட்டி மலையைப் பார்த்து நடந்து போகிறான். தலையில் துண்டு. ஒரு கை முதுகுக்குப் பின்னால்.

"ஆள் இல்லாத சந்தைன்னுல்லா சொன்னாங்க? இவன் யாரு?"

"ஒரு ஆள் வேணும்ப்பா. ஆள் இருந்தாத்தான் மலை எம்புட்டுப் பெருசுன்னு தெரியும். நான் எல்லாப் படத்துலயும் வைப்பேன்."

"எல்லாத்துலயும் இவனையா?"

"ஆமா."

"யாருட்டி இவன்?"

"யாரோ ஒரு ஆள்," என்றாள். வேகமாக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நடை சரியில்ல. இப்படி முதுகுல கைய வச்சுக்கிட்டு எவன் நடப்பான்?"

குருவம்மாள் கதவுக்குப் பின்னாலிருந்து மூக்கைச் சிந்தினாள். அழுகிறாளா, சிரிக்கிறாளா, தெரியவில்லை.

நேரம் முடிந்தது. செல்வி பேனாவை வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். சுருட்டைமுடியும் ஸ்ரீமதியும் சத்தத்தை நிறுத்திவிட்டு அவர்களுக்குள் பேசினார்கள். வாய் மட்டும் அசைந்தது. அப்புறம் ஸ்ரீமதி என்னைக் கூப்பிட்டாள்.

"சார், அன்னைக்குக் கேட்டதையே கேக்கறேன். இன்னைக்குப் பாத்தீங்களா?"

எழுந்து நின்றுகொண்டேன். சாட்சி சொல்லும்போது உட்கார்ந்து சொல்லக்கூடாது.

"பாத்தேன். எம் மக கை அசைஞ்சது. இங்கன கை அசைஞ்சா அங்கன மலை வந்தது. நான் சொன்ன தார்ப்பாய் வந்தது, நான் நெறம் சொல்லாத முடிச்சும் வந்தது. நான் சொல்லாத துணிப்பந்தும் வந்தது. நான் குறுக்க பேசினப்ப தவிர கை நிக்கவே இல்ல, வெரலு வெளுத்துப் போச்சு. இதுக்கு நான் எந்தக் கோயில்லயும் வந்து சாட்சி சொல்லுவேன்." கொஞ்சம் நிறுத்தினேன். "மலை வலப்பக்கம் போனது மட்டும் அவ கை போடல. அத நான் மறைக்க மாட்டேன்."

ஸ்ரீமதி அதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் சுருட்டைமுடி தலையை ஆட்ட ஆரம்பித்துவிட்டான். செல்வியிடம் நேராக ஏதோ சொன்னான். செல்வி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் ஸ்ரீமதியைப் பார்த்தேன்.

"வேலைக்கு வரச் சொல்றார் சார்," என்றாள். "அதோட, இப்படி ஒரு சாட்சிய அவர் பாத்ததே இல்லையாம்."

"பாத்திருக்க மாட்டான்," என்றேன்.

திரை அணைந்ததும் செல்வி நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் விட்ட மறுநாள் அவள் முகம் இப்படித்தான் இருக்கும், வாடியும் தெளிந்தும். குருவம்மாள் உள்ளே வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் செல்வியின் வலது கையை எடுத்துப் பார்த்தேன். பேனா பிடித்த இடத்தில் குழி விழுந்து சிவந்திருந்தது. கட்டை விரலால் கொஞ்சம் தேய்த்துவிட்டேன்.

"இப்பமாவது நம்புதியளாப்பா?"

"எண்ணெய் போடு. இல்லாட்டி ராத்திரி வலிக்கும்."

"நம்புதியளா இல்லியா?"

"நீ வரைஞ்சதப் பாத்தேன், சொல்லிட்டேன். அந்தப் பொட்டிய எப்படி நம்ப? ஒரு தட்டுக்கு மலையவே தூக்கி அந்தப் பக்கம் வைக்கே. நாளைக்கு நம்ம வீட்டத் தூக்கி எங்க வைக்குமோ!"

"ஐயோ, அது வெறும் கண்ணாடிப்பா!"

"கண்ணாடின்னா நான் தெரியணும்லா? நான் தெரியலயே," என்றேன். அம்மாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜைனப் கடையோடு என் இடத்தையும் தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள், வெள்ளிக்கிழமை வேறு, கார் நிறைய வரும். நான் புறப்பட்டேன். வெளியே சாரல் ஊசியாக விழுந்துகொண்டிருந்தது. துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். இடுப்பு பிடித்திருந்ததால் ஒரு கையை முதுகில் ஊன்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன். பின்னால் வாசலில் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. "அம்மா, அப்படியே நிக்கச் சொல்லேன், ஒரு நிமிஷம்!" என்று செல்வி கத்தினாள். என்ன வேடிக்கையோ. நான் நிற்கவில்லை.

தெரு முனையில் திரும்பினதும் மலை தெரிந்தது. நன்றாக உற்றுப் பார்த்தேன். இடப்பக்கம்தான் இருந்தது. இருந்தாலும் பஸ் ஸ்டாப் வருகிறவரை ஒரு கண் அதன் மேலேயே வைத்துக்கொண்டு நடந்தேன்.